காலிப் பை பொய் சொல்லும்: ஒரு நாள் பயணத்துக்குப் பை வாங்கும்போது செய்யும் தவறுகள்

கடையில் மாட்டிப் பார்க்கும்போது எல்லாப் பையும் அம்சமாகத்தான் இருக்கும். உள்ளே பேப்பர் உருண்டையைத் திணித்து உப்ப வைத்திருப்பார்கள். தோளில் போட்டால் பஞ்சு மாதிரி உட்காரும். கண்ணாடியில் பார்த்தால் நாளைக்கே இமயமலைக்குக் கிளம்புகிறவன் போல ஒரு தோரணை வந்துவிடும். வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக 2 லிட்டர் தண்ணீரும் சோற்று டப்பாவும் வைத்துத் தூக்கும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும்.

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு என்ன மலையேற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையிலேயே மலைக்கு வசதியான இடம் எங்கள் பக்கம்தான். கொருக்குப்பேட்டையில் காலையில் சூலூர்ப்பேட்டை ரயிலைப் பிடித்தால் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி தடா. அங்கிருந்து வரதய்யபாளையம் வழியாகப் போனால் உப்பலமடுகு அருவி. இன்னும் உள்ளே போகிறவர்களுக்கு நாகலாபுரம் மலை. இதற்கு நடுவில் வருடத்துக்கு ஒரு முறை அலிபிரி படி ஏறித் திருப்பதி. இந்தப் பயணங்களில் நான் நாலு பைகளைத் தின்று தீர்த்திருக்கிறேன். அந்த நாலும் கற்றுக்கொடுத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவு. "பெருசா வாங்கினா எதுக்கும் ஆகும்" என்று சொல்லியே 35 லிட்டர் பையைத் தலையில் கட்டிவிடுவார்கள். 20 லிட்டர் என்பது எவ்வளவு தெரியுமா? வீட்டு வாசலில் வந்து இறங்கும் கேன் தண்ணி. அந்தக் கேன் அளவு இடம் ஒரு நாள் நடைக்குத் தாராளம். 2 லிட்டர் தண்ணீர், டப்பா, துண்டு, ஒரு மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு, பவர் பேங்க், மாத்திரை, பிஸ்கட் எல்லாம் 15 முதல் 20 லிட்டருக்குள் அடங்கிவிடும். பெரிய பையில் இருக்கிற சிக்கல் பையில் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது. "இடம்தான் இருக்கே, இந்தப் புளிசோத்தையும் வெச்சுக்கோ" என்று அம்மா ஆரம்பித்தால் நாலு பேர் சாப்பாடு உள்ளே போய்விடும். அதைத் தூக்குவது நாம்.

பையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. முறையாக அளப்பவர்கள் 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைக் கொட்டி நிரப்பி அளப்பார்கள். வெளியில் வலை மாதிரித் தொங்கும் பாக்கெட்டையும் சேர்த்துக் கணக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அளக்காமலேயே ஒரு எண்ணை அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு கம்பெனியின் 20 லிட்டரும் இன்னொரு கம்பெனியின் 20 லிட்டரும் ஒன்று அல்ல.

அடுத்து, பையின் சொந்த எடை. ஒரு நாள் எனக்குக் கிறுக்குப் பிடித்து, வீட்டில் இருந்த பைகளை எல்லாம் தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆபீஸ் லேப்டாப் பை காலியாகவே 1 கிலோ 100 கிராம். மலைக்கு எடுத்துப் போகும் பை 420 கிராம். "ஒரு கிலோ வெல்லத்தைச் சும்மா தூக்கிட்டு அலையிறீங்களே தம்பி" என்றார் அண்ணாச்சி. லேப்டாப் பையில் இருக்கும் கனத்த ஸ்பாஞ்ச், ஏழெட்டு அறைகள், அதற்கு ஏழெட்டு ஜிப்பு எல்லாம் எடைதான். நடைக்குப் போகிற பைக்கு ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, இரண்டு பக்கமும் பாட்டில் பாக்கெட் போதும். 15–20 லிட்டர் பை 300 முதல் 600 கிராமுக்குள் இருந்தால் நல்ல எடை.

அதற்காக உள்ளங்கையில் மடித்து வைக்கிற பையை வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடாதீர்கள். நூறு நூற்றைம்பது கிராம்தான் இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். பட்டையில் ஸ்பாஞ்ச் இருக்காது, முதுகுப் பக்கம் வெறும் துணி. 3 கிலோ ஏறியதும் பட்டை கயிறு மாதிரிச் சுருண்டு தோளை அறுக்கும், பாட்டில் முதுகெலும்பில் இடிக்கும். வெளியூர் போகும்போது பெரிய பெட்டிக்குள் மடித்து வைத்து, அங்கே கோயில், கடைத்தெரு சுற்றும்போது எடுத்துக்கொள்ள அது அருமையான பை. அதோடு சரி. வேறு வழியில்லாமல் அதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், பழைய யோகா மேட்டில் ஒரு துண்டை பையின் முதுகு அளவுக்கு வெட்டி உள்ளே செருகுங்கள். பை நிமிர்ந்து நிற்கும், பாறையில் உட்காரவும் ஆகும்.

துணியைப் பற்றிக் கடைக்காரர் ‘600 டீனியர் சார்’ என்பார். 9,000 மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் எடையோ, அதுதான் டீனியர். நூலின் பருமனைச் சொல்லும் எண் இது. எண் கூடினால் எடையும் கூடும். பலம் கூடுமா என்பது என்ன நூல் என்பதைப் பொறுத்தது. நல்ல 210 டீனியர் நைலான் இந்த வேலைக்குப் போதும். துணியைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிகிறதா பாருங்கள். அது ரிப்ஸ்டாப். நடு நடுவே தடித்த இழை ஓட்டியிருப்பார்கள், முள் கிழித்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும்.

ஆனால் என் அனுபவத்தில் துணி கிழிந்து பை போனதே இல்லை. தையல் விட்டுத்தான் போயிருக்கிறது. தடாவில் ஓடைப் பாறைகளைத் தாண்டிக்கொண்டிருந்தேன். இடது தோளில் ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். பை அப்படியே வலது பக்கம் சரிந்து, நானும் சரிந்து, ஒரு கால் முட்டி வரை தண்ணீரில். பார்த்தால் பட்டை மேல்முனையில் முழுசாகப் பிய்ந்து தொங்குகிறது. லுங்கியைக் கிழித்து முடிச்சுப் போட்டு, ஒற்றைத் தோளில் சுமந்துகொண்டு ரயிலடி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் வண்ணாரப்பேட்டையில் பை தைக்கிற பாயிடம் கொண்டுபோனேன். சைக்கிள் டியூப், ஜிப்பை இழுக்கும் ரன்னர் டப்பா, பெல்ட் சுருள் எல்லாம் சுற்றிலும் கிடக்க உட்கார்ந்திருந்தார். பையை உள்பக்கமாகப் புரட்டிப் போட்டு ஒரு பார்வை பார்த்தார். "துணி நல்லா கீதுபா. தையல்தான் ஒண்ணும் இல்ல" என்றார். பட்டையைத் துணி விளிம்பில் அரை இஞ்ச் மட்டும் செருகி ஒற்றை ஓட்டம் ஓட்டியிருக்கிறார்கள். விளிம்பு நூல் பிரிந்ததும் எல்லாம் வந்துவிட்டது. அவர் உள்ளே ஒரு பெல்ட் துண்டை அண்டை கொடுத்து, அதன் மேல் சதுரம் போட்டு, சதுரத்துக்குள் குறுக்கே பெருக்கல் குறி மாதிரித் தைத்தார். பக்கத்தில் கிடந்த இன்னொரு பழைய பையை எடுத்து அதன் பட்டை முனையைக் காட்டினார். சட்டையில் காஜா ஓரத்தில் நெருக்க நெருக்கமாகத் தையல் போட்டிருப்பார்களே, அது மாதிரி ஒரு தடித்த கோடு. "இது இருந்தா வாங்கு, இல்லன்னா என்கிட்ட வந்துனே இருப்ப."

அன்றிலிருந்து எந்தக் கடையிலும் பையை முதலில் உள்பக்கமாகப் புரட்டித்தான் பார்க்கிறேன். பட்டை மேலே சேரும் இடம், கீழே சேரும் இடம், கைப்பிடி, இந்த மூன்று இடத்திலும் தையல் இரட்டையா, அந்த நெருக்கத் தையல் இருக்கிறதா, துணி விளிம்புக்கு நாடா வைத்து மூடியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஈவினிங் பஜார் பக்கம் பெரிய கம்பெனி முத்திரை போட்ட நகல் பைகள் சல்லிசாகக் கிடைக்கும். முத்திரையை அழகாகப் போட்டிருப்பார்கள். உள்ளே புரட்டினால் கதை வேறு. அதே பஜாரில் பெயரே இல்லாத பையில் பிரமாதமான தையலையும் பார்த்திருக்கிறேன்.

உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், செய்கிற தவறு ஒன்று உண்டு. பையின் நீளத்தைப் பார்ப்பதே இல்லை. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஒரு எலும்பு முட்டும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைதான் உங்கள் முதுகின் நீளம். பையின் அடி அதற்குக் கீழே இறங்கிப் பின்புறத்தில் இடித்தால், படி ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டுத் தட்டும். 3,550 படி அலிபிரியில் அத்தனை தட்டும் கணக்கில் வரும். நெஞ்சுப் பட்டை கட்டாயம் வேண்டும். தோள் பட்டை வழுக்கி இறங்காமல் அதுதான் பிடித்து வைக்கும். மேலே கீழே நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். சின்னப் பையில் வரும் இடுப்பு நாடா எடையைத் தாங்காது, ஆட்டத்தைத்தான் குறைக்கும். அதற்குத் தனியாகக் காசு தர வேண்டாம்.

எவ்வளவு எடை வைக்கலாம்? 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மெல்லிய பைக்கு அதே கணக்கை நமக்கும் வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ ஆள் என்றால் 6 கிலோ. அதில் தண்ணீரே 2 கிலோ போய்விடுகிறது. கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கட்டும், துணிமணி வெளிப்பக்கம்.

‘முதுகு வேர்க்காது சார், காத்து போவும்’ என்று முதுகுக்கும் பைக்கும் நடுவில் வலை இழுத்துக் கட்டிய பையைக் காட்டுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வலையை இழுத்துப் பிடிக்கும் சட்டகம் எடை கூட்டும், உள்ளே இடத்தையும் தின்னும். நம் ஊரில் சும்மா நின்றாலே சட்டை நனைகிறது. எனக்கு அது வீண் செலவாகத்தான் தோன்றுகிறது.

பாட்டில் பாக்கெட்டைக் கடையில் யாரும் சோதிப்பதில்லை. பை காலியாக இருக்கும்போது பாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். பை நிரம்பி உப்பியதும் பாக்கெட் இறுகி, பாட்டிலைத் திணிக்க இன்னொரு ஆள் வேண்டும். திருமலைக்கு பிளாஸ்டிக் பாட்டில் கூடாது என்பதால் எவர்சில்வர் பாட்டில்தான் எடுத்துப் போகிறோம். அது கனம். எலாஸ்டிக் தளர்ந்த பாக்கெட்டில் வைத்துக் குனிந்தால் ‘டணார்’ என்று படியில் உருளும்.

மழைக்கு மேலுறை கொடுக்கிறார்களே என்று நம்பி, ஐப்பசி கார்த்திகையில் போனீர்களானால் நனைந்துதான் வருவீர்கள். மேலுறை வெளிப்பக்கத்தைத்தான் மூடும். கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் முதுகுப் பக்கமாக உள்ளே போகும். துணிக்கு நீர் ஒட்டாத பூச்சு இருந்தாலும் தையல் ஓட்டைகளும் ஜிப்பும் கசியும். தடித்த பாலிதீன் பை ஒன்றை உள்ளே வைத்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு வாயை முறுக்கிச் செருகிவிடுங்கள். திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தலாம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு: உப்புக் காற்று. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடல் ஓரம் இருக்கிற வீடுகளில் கிரில் கம்பியே துருப்பிடிக்கிறது, ஜிப்பு ரன்னர் எம்மாத்திரம். பல் நைலான் என்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. ரன்னர் உலோகம், வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். வாங்கும்போது ரன்னரின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். முக்கிய ஜிப்புக்கு 5-க்குக் குறையாமல் இருக்கட்டும். 3 எல்லாம் பர்ஸுக்கு. பீச்சுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பின் மெழுகுவத்தியை ஒரு இழு இழுத்துவிட்டால் போதும். பல் பிடிக்காமல் பிளந்துகொண்டால் பையைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் ரன்னரின் வாய் அகன்றிருக்கும், பாய் குறட்டால் ஒரு அழுத்து அழுத்துவார்.

இன்னொன்று, பரணில் போட்டு வைப்பது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த பையை எடுத்தேன். உள்பக்கம் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது, புளித்த வாடை, தோல் உரிவது போலச் செதில் செதிலாகக் கொட்டியது. நீர் புகாமல் இருக்கத் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். காற்றின் ஈரமே அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் இன்னும் சீக்கிரம். வாஷிங் மெஷினில் போடாமல் கையால் அலசி, நிழலில் நன்றாகக் காய வைத்து, காற்றாட ஆணியில் மாட்டுங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்கும்போதும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு 20 லிட்டர் பை ஒரு தலைவலியே இல்லை. உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 7 கிலோ கைப்பை அனுமதி, இது அதற்குள் அடங்கும். சிரமம் மின்சார ரயிலில்தான். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்ட வேண்டி வரும், புடைத்த பை என்றால் அதற்கும் திட்டு வாங்குவோம். தட்டையான பை எடுங்கள். உள்துணி வெளிர் நிறமாக இருந்தால் இருட்டில் மாத்திரை தேட வசதி.

மீன் விஷயம் சொல்லாமல் விட முடியாது. என் மூன்றாவது பை நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிறு நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, அம்மா அதை எடுத்துக்கொண்டு காசிமேடு போய் ஒரு கிலோ சங்கராவும் நெத்திலியும் வாங்கி வந்துவிட்டார். எலுமிச்சை, சோப்புத்தூள், வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்த நடையில் வரதய்யபாளையம் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அதனால்தான் நாலாவது பை வாங்கப் போனபோது, வீட்டிலிருந்தே ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, சோற்று டப்பா, துண்டு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கடைப் பையன் பார்த்துவிட்டு, "இன்னா சார், பை வாங்க வந்தியா, பிக்னிக் வந்தியா?" என்றான். ஒவ்வொரு பையிலும் எல்லாவற்றையும் வைத்து, ஜிப்பு மூடி, கடைக்குள்ளேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். குனிந்தேன், கையைத் தூக்கினேன், முக்காலியில் ஏறி இறங்கினேன். முதல் பை கழுத்தோரம் அறுத்தது. இரண்டாவதில் பாட்டில் கழன்று விழுந்தது. மூன்றாவதை எடுத்தேன். பில் போடுவதற்குள் அந்தப் பையன் என் பாட்டில் ஒன்றை வாங்கி மடமடவென்று பாதி குடித்துவிட்டு, "இப்ப இன்னும் லேசா இருக்கும், பாரு சார்" என்றான்.