படை முகாம் விட்டுப்போன வளவில் கிணறுதான் முதல் வேலை

படை முகாம் இருந்த காணி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் பிடித்து வளவை ஒரே நாளில் மட்டம் தட்டிவிடுவது. தயவுசெய்து பிடிக்க வேண்டாம். பெக்கோ பங்கர் மண்ணையும் மலசலகூடக் குழியையும் எண்ணெய் ஊறிய மண்ணையும் ஒன்றாகக் கலந்து வளவு முழுக்கப் பரப்பிவிடும். பழைய வேலிக்கட்டை, கிணற்றுக் கட்டு, தென்னை வேர் என்று எல்லை சொல்லும் அடையாளங்களும் அதோடு போய்விடும். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் வாளியில் முட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மட்டக்களப்பு மாவட்டம் 2017 ஜூனில் கண்ணிவெடி அற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு, தெரிந்திருந்த கண்ணிவெடி வயல்களைப் பற்றியது. முகாமுக்குள் புதைந்த ரவைப்பெட்டிக்கும் கிணற்றுக்குள் விழுந்த கைக்குண்டுக்கும் அது உத்தரவாதம் இல்லை. புவேர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை குண்டுப் பயிற்சியை நிறுத்தி 2003 மே 1 இல் வெளியேறியது. இருபது வருடம் தாண்டியும் வெடிக்காத குண்டு எடுக்கும் வேலை அங்கே முடியவில்லை. அது குண்டு போட்டுப் பழகிய நிலம், நம்முடையது படை தங்கி எழும்பிய நிலம். அளவு வேறு என்றாலும் ‘விடுவித்தாயிற்று’ என்பதும் ‘துப்புரவாயிற்று’ என்பதும் இரண்டு இடத்திலும் வேறு வேறு சங்கதிதான்.

ஆகவே, கிராம சேவகர், பிரதேச செயலகக் காணி உத்தியோகத்தர், பொலிஸ் மூவரும் வந்து பார்த்து, காணி ஒப்படைக்கப்பட்டதை எழுத்தில் தரும்வரை மண்வெட்டி போடாதீர்கள். அன்றைக்கே வளவை நாலு மூலையிலிருந்தும், கிணற்றை மேலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். முகாமின் மண் அணை பல இடங்களில் பழைய எல்லையை விழுங்கியிருக்கும். அதனால் அணையை எல்லையாக ஏற்றுக் கையெழுத்து வைக்காமல், பழைய அளவைப் படத்தைக் கொண்டு நில அளவையாளர் மூலம் எல்லைக்கல் வைப்பியுங்கள். இங்கே வளவு தாய்வழியில் பெண்பிள்ளைக்குப் போவது வழக்கம், ஆனால் அரச காணி அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ஆண்பிள்ளை பெயரில் இருக்கும். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் அவர் இறந்திருந்தால், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு 2022 இல் வந்த திருத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள். மகனுக்கு முதலிடம் என்ற பழைய ஒழுங்கு அதோடு நீங்கிவிட்டது.

இனிக் கிணறு. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணல் பட்டியில் நல்ல தண்ணீர் என்பது உவர் நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு அது தாங்கும் என்பது பொதுக் கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆபத்து தெரியும்: நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கி வைத்திருந்தால் அடியிலிருக்கும் உப்பு பல அடி மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததில் பல இடங்களில் உப்பு குறையவில்லை, கூடியது. கடைசியில் உப்பைக் கழுவியது மாரி மழைதான்.

முகாம் கிணற்றில் இறங்கும் முன் மேலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே பாருங்கள். உலோகப் பொருள், கட்டிய சாக்கு, வயர் எது தெரிந்தாலும் அதோடு நிறுத்த வேண்டும். பாதாளக்கரண்டி போடுவதும் காந்தம் கட்டி இறக்குவதும் வேண்டாம். தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு 119 க்கு அறிவியுங்கள். தண்ணீர் கலங்கி அடி தெரியாவிட்டாலும் இதே ஒழுங்குதான்: வெடிபொருள் அகற்றும் பிரிவு பார்த்த பிறகே சேறு அள்ளலாம்.

தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுப்போல் உடைந்து உடைந்தபடியே நின்றால் அது இரும்புச் சத்தால் வருவது, பயமில்லை. கீறிய இடம் மறுபடி கூடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். எண்ணெய் பட்ட கிணற்றைக் குளோரின் திருத்தாது. நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை மூடி வையுங்கள். ஜெனரேற்றர் இருந்த இடம் கிணற்றுக்குக் கிட்ட என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெடிபொருள் இல்லை, எண்ணெய் இல்லை என்றானதும் வேலை தொடங்கலாம். நல்ல காலம் ஆவணி கடைசி, புரட்டாதி. நீர் தாழ்ந்திருப்பதால் கொட்டின், அதாவது கிணற்றுக்குள் இறக்கிய சீமெந்து வளையங்களின், அடி தெரியும், பின்னால் வரும் மாரி கிணற்றைத் திருப்பி நிரப்பும். வேலைக்கு மூன்று பேர் வேண்டும்: ஒருவர் இடுப்பில் கயிறோடு உள்ளே, இருவர் மேலே. வருடக்கணக்காக மூடிக்கிடந்த கிணற்றில் மூச்சடைக்கும் காற்று தேங்கியிருக்கும். மெழுகுதிரி இறக்கிப் பார்ப்பது பழைய முறை, ஆனால் பெற்றோல் ஆவி இருக்கக்கூடிய முகாம் கிணற்றில் அது ஆகாது. இலையோடு ஒரு கொப்பைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்குங்கள். முதல் நாளே மூடியைத் திறந்து விடுங்கள். இறங்கியவருக்குத் தலை சுற்றினால் மேலே தூக்க வேண்டும், உதவிக்கு இன்னொருவர் இறங்கக்கூடாது. இரண்டு மரணம் நடப்பது அப்படித்தான். எண்ணெய் எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டவும் கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும்.

இறைப்பது வாளியால், அல்லது சின்ன மின் பம்பால். அரைவாசி இறைத்ததும் நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி அரைவாசி. அடியோடு வற்ற இறைத்தால் வெளியிலிருக்கும் மணல் கொட்டின் கீழால் உள்ளே பாயும், கொட்டு ஒரு பக்கம் சரியும், மூட்டு விலகும். சரிந்த கொட்டை நிமிர்த்துவதை விடப் புதுக் கிணறு தோண்டுவது மலிவு. சேற்றை அள்ளி வளவுக்கு வெளியே போடுங்கள். கொட்டின் உள்பக்கத்தைத் தேய்த்து, மேல் 10 அடிக்குள் உள்ள மூட்டு வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, கிணற்றைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு வெளிச்சரிவாகத் தளம் போடுங்கள். கால் கழுவிய நீர் திரும்ப உள்ளே போவதுதான் அநேக கிணறுகளின் நோய்.

பிறகு குளோரின். கடையில் ரீசீஎல் என்று கேட்டால் தரும் வெள்ளை வெளிற்றும் தூளில் புதிதாக இருந்தால் நூற்றுக்கு 30 பங்கு அளவில் குளோரின் இருக்கும். பொதி திறந்து கிடந்தால் பலம் போய்விடும், மணம் குறைந்ததை வாங்காதீர்கள். 1,000 லீற்றர் நீருக்கு 165 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 அடி விட்டமுள்ள கொட்டுக்கிணற்றில் ஆறரை அடி நீர் நின்றால் அது ஏறக்குறைய 2,300 லீற்றர், அதற்கு 380 கிராம். பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, கால் மணி நேரம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றின் சுவரோரமாகச் சுற்றி ஊற்றி, வெறும் வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்புக் கட்டியைக் கிணற்றில் போட்டால் நீர் நாளெல்லாம் பால்போல் நிற்கும். 24 மணி நேரம் மூடி வைத்து, பிறகு மணம் போகும்வரை மெல்ல மெல்ல இறையுங்கள். அந்த நீரைக் கன்றுக்கோ வாவிக்கோ விடாமல் வெறும் மணலில் ஊற்ற வேண்டும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் தூளைத் தொடாதீர்கள்.

குடிப்பதற்கு இன்னும் அவசரப்படக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரி எடுப்பியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான போத்தல் ஐஸில் வைத்து அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். அறிக்கையில் இரண்டு எண்ணைப் பாருங்கள். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் குளோரைட்டின் மேல் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம், நைத்திரேற்றின் எல்லை 50. குளோரைட் கூடினால் அது உப்பு, ஒரு மாரி பொறுத்துப் பாருங்கள். நைத்திரேற் கூடினால் பக்கத்தில் எங்கோ முகாமின் மலக்குழி இருக்கக்கூடும். கொதிக்க வைத்தால் நைத்திரேற் போகாது, நீர் வற்ற வற்றக் கூடவே செய்யும். கைக்குழந்தையின் பால்மாவுக்கு அந்த நீர் ஆகவே ஆகாது. மலக்குழியைத் தோண்டி எடுக்க வேண்டாம். சுண்ணாம்பு தூவி, மண் நிரப்பி, மேடாக்கி விடுங்கள். வழக்கமாகச் சொல்லும் 50 அடி தூரம் இறுகிய மண்ணுக்குச் சரி, நம் மணலில் 100 அடி தள்ளிப் புதுக்குழி வெட்டுவதே புத்தி.

மண் வேலை சுருக்கமானது. வாகனம் நின்று இறுகிய நிலத்தை, வெடிபொருள் பார்த்த பிறகு, மண்வெட்டியால் ஒரு அடி கிளறி, மழையோடு சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மண்ணுக்குள் மடக்கி விடுங்கள். வேலியோரம் கிளிசரியாக் கம்பு ஊன்றினால் அடுத்த வருடம் பசளைக்கு இலை வெட்டலாம். எண்ணெய் கறுத்த மண்ணை நிறம் மாறும் ஆழம்வரை தனியே வெட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது நேரே கிணற்றுக்குத்தான் போகும்.

பங்கருக்குப் போட்ட பனை, தென்னைக் குற்றிகளைப் பலர் குழிக்குள்ளேயே தள்ளி மூடுகிறார்கள். உக்கும் குற்றிதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். நடும் கன்றின் குருத்தை அது துளைக்கும். அங்கேயே எரிப்பதும் ஆபத்து, மண்ணுக்குள் ரவை கிடந்தால் சூட்டில் வெடிக்கும். துண்டு போட்டு வெளியே ஏற்றி, காயவைத்து, துப்புரவான இடத்தில் எரியுங்கள். வெள்ளைப் புழு தெரிந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

தென்னைக்குக் குழி 3 அடி நீளம், அகலம், ஆழம். கன்றுக்குக் கன்று 26 அடி. அடியில் பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வைத்து, மேல்மண்ணும் உக்கிய எருவும் போடுங்கள். பங்கர் மூடிய இடத்தில் முதல் வருடம் நடாதீர்கள், மண் அமர அமரக் கன்று கழுத்தளவு புதைந்துவிடும். ஐப்பசி மழை இரண்டு மூன்று விழுந்து ஈரம் பிடித்ததும் நட்டு, மேற்குப் பக்கம் ஒரு கிடுகு சாத்துங்கள். அடுத்த வருடம் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிழமைக்கு இரண்டு தரம், கன்றுக்கு ஒரு வாளி போதும், அதற்கு மேல் கிணற்றைக் கேட்காதீர்கள்.