ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உண்மையிலேயே வேலை செய்கிறதா? சுவிட்சில் சோதித்துப் பார்க்கும் முறை

ஐபி கேமரா, ஐபிடிவி, டான்டே ஆடியோ என்று மல்டிகாஸ்டை (ஒரே ஸ்ட்ரீமைக் கேட்ட பலருக்கும் ஒருசேர அனுப்பும் முறை) நம்பி ஓடும் நெட்வொர்க்கில் வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஸ்ட்ரீம் கேட்டவருக்கு மட்டும் போகாமல் எல்லாப் போர்ட்டிலும் கொட்டுகிறது. பிரின்டரும் பழைய ஐபி போன்களும் திணறுகின்றன. இன்னொன்று, நன்றாக வந்துகொண்டிருந்த படம் நான்கைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டு இடத்திலும் சுவிட்சைத் திறந்து பார்த்தால் 'ஸ்னூப்பிங்: எனேபிள்டு' என்றே இருக்கும். அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எந்த மல்டிகாஸ்ட் குரூப் (ஒரு ஸ்ட்ரீமுக்கான முகவரி) வேண்டும் என்று கருவிகள் சொல்லும் நெறிமுறைதான் ஐஜிஎம்பி. ஸ்னூப்பிங் என்பது அந்தப் பேச்சைச் சுவிட்ச் ஒட்டுக்கேட்பது மட்டுமே. சுவிட்ச் தானாக யாரையும் எதுவும் கேட்பதில்லை. 'எந்த குரூப் யாருக்கு வேண்டும்?' என்று கேட்பது குவெரியரின் (இந்தக் கேள்வியை அனுப்பும் ரவுட்டர் அல்லது சுவிட்ச்) வேலை. நிலையான அமைப்பில் அது 125 நொடிக்கு ஒருமுறை குவெரி அனுப்பும்; பெறும் கருவிகள் 10 நொடிக்குள் ரிப்போர்ட் அனுப்பும்; அதைக் காதில் வாங்கும் சுவிட்ச், எந்த குரூப் எந்தப் போர்ட்டில் என்று அட்டவணையில் எழுதிக்கொள்ளும். 260 நொடிக்குள் மறுபடி ரிப்போர்ட் வராவிட்டால் அந்த வரியை அழித்துவிடும். 125-ஐ இரண்டால் பெருக்கி 10-ஐக் கூட்டினால் வரும் கணக்கு அது. குவெரியர் இல்லாத விலானில் (சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) கருவி முதலில் சேரும்போது ஒரு ரிப்போர்ட் போகும், பிறகு கேட்க ஆளில்லாததால் மௌனம்தான். நான்கு நிமிடச் சொச்சத்தில் படம் நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே முதலில் குவெரியரைத் தேடுங்கள். சிஸ்கோ சுவிட்சில் 'ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்' என்று கொடுத்தால் விலான் வாரியாக அதன் ஐபி முகவரியும் எந்தப் போர்ட் வழியாக வருகிறது என்பதும் தெரியும். அதோடு நிற்காமல், அந்த விலானில் உள்ள ஒரு லினக்ஸ் கணினியில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப் -என்ஐ ஈத்0 ஐஜிஎம்பி' ஓடவிட்டு இரண்டரை நிமிடம் காத்திருங்கள். 224.0.0.1-க்கு ஒரு குவெரியாவது வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள். குவெரியரை அமைத்த பிறகுதான் மற்ற சோதனைகளுக்குப் பொருள் உண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட சுவிட்சில் குவெரியரை இயக்கி வைத்தால் குறைந்த ஐபி முகவரி உள்ளது வெல்லும். இங்கேதான் பலர் கவனம் தவறுகிறார்கள். ஒவ்வொரு சுவிட்சும் குவெரி வரும் திசையில் உள்ள போர்ட்டை மல்டிகாஸ்ட் ரவுட்டர் போர்ட்டாக எடுத்துக்கொண்டு, எல்லா ஸ்ட்ரீமையும் அந்தப் பக்கம் அனுப்பும், அங்கே யாரும் கேட்காவிட்டாலும். மாடிக் கோடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் தேர்தலில் வென்றுவிட்டால் அதன் ஒற்றை 1 ஜிகாபிட் அப்லிங்கில் (மற்ற சுவிட்சோடு சேர்க்கும் இணைப்பு) மொத்தக் கேமராக்களும் போய் முட்டும். கோர் சுவிட்சுக்கே குறைந்த முகவரி இருக்கட்டும். ஓரத்து சுவிட்சுகளில் குவெரியரை அணைத்துவிடுங்கள். குவெரி 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து வருவதாகத் தெரிந்தால் அதையும் சரிசெய்யுங்கள்: அப்படி வரும் போர்ட்டை ரவுட்டர் போர்ட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஸ்னூப்பிங் பற்றிய ஆர்எஃப்சி 4541 ஆவணம் தரும் பரிந்துரை. விலானுக்கு ஒரு ஐபி கொடுத்து, குவெரியருக்கு அதையே குறித்தால் போதும்.

லினக்ஸுக்குள் மென்பொருளாக இயங்கும் பிரிட்ஜும் ஒரு சுவிட்ச்தான் என்பதை மறக்க வேண்டாம். அதில் ஸ்னூப்பிங் இயல்பாகவே இயங்கும், குவெரியர் இயல்பாகவே அணைந்திருக்கும். கேவிஎம் சர்வருக்குள் இருக்கும் மெய்நிகர் கணினிகளுக்கு மட்டும் மல்டிகாஸ்ட் அறுந்தால் சந்தேகம் முதலில் அங்கே விழ வேண்டும். 'பிரிட்ஜ் எம்டிபி ஷோ' அதன் அட்டவணையைக் காட்டும்.

இனி உண்மையான சோதனை. ஒரே விலானில் மூன்று கணினிகள் வேண்டும்: அனுப்புவது, பெறுவது, சும்மா பார்ப்பது. முதல் இரண்டும் வெவ்வேறு சுவிட்சில் இருந்தால் இடையிலுள்ள டிரங்க் இணைப்பும் சேர்ந்து சோதனைக்கு உட்படும். மூன்றாவது இல்லாமல் செய்யும் சோதனை பாதிச் சோதனைதான், ஏனென்றால் எல்லாப் போர்ட்டிலும் கொட்டினாலும் பெறும் கணினிக்கு அது நன்றாகத்தான் தெரியும்.

சோதனை ஸ்ட்ரீமை அனுப்பவும் பெறவும் ஐபெர்ஃப் இரண்டாம் பதிப்பு எடுங்கள். ஐபெர்ஃப்3-இல் மல்டிகாஸ்ட் கிடையாது. பெறும் பக்கம் யூடிபி சர்வராக, 239.5.5.5 என்ற குரூப்பில் பைண்ட் செய்து இயக்குங்கள். அனுப்பும் பக்கம் அதே முகவரிக்கு 5 எம்பிபிஎஸ், 600 நொடி, டிடிஎல் (எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) 4. கணினியில் வைஃபையும் கேபிளும் சேர்ந்து இருந்தால் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரீம் தவறான வழியில் கிளம்பிப் போகும். பார்க்கும் கணினியில் 'டிசிபிடம்ப் -என்ஐ ஈத்0 ஹோஸ்ட் 239.5.5.5'. இதில் '-பி' சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நெட்வொர்க் கார்டே வடிகட்டிவிடும், கொட்டுவது கண்ணுக்குத் தெரியாது. அதே காரணத்தால் இந்த மூன்றாவது கணினி மெய்நிகராக இல்லாமல் நேரடியாகக் கேபிளில் இருப்பது நல்லது.

முதலில் பெறுபவர் இல்லாமல் அனுப்புங்கள். யாரும் கேட்காத குரூப்பைச் சில சுவிட்சுகள் எல்லாப் பக்கமும் விடும், சில ரவுட்டர் போர்ட்டுக்கு மட்டும் விடும். இதற்கென அமைப்பு இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பெறும் கணினியை இயக்குங்கள். 'ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குரூப்ஸ்' அட்டவணையில் 239.5.5.5 சரியான போர்ட்டோடு வர வேண்டும், மூன்றாவது கணினியில் ஒரு பாக்கெட்டும் வரக் கூடாது. இந்த நிலையில் 10 நிமிடம் விடுங்கள். 260 நொடியைத் தாண்டாத சோதனையை நம்பாதீர்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போட்ட வேலைதான் மறுநாள் புகாராகத் திரும்பும். கடைசியில் பெறும் கணினியை நிறுத்துங்கள். இரண்டாம் பதிப்பு ஐஜிஎம்பியில் லீவ் (விலகும் செய்தி) போன இரண்டு மூன்று நொடியில் அட்டவணை வரி மறைய வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கொட்டுகிறதா? குரூப் முகவரியைப் பாருங்கள். 224.0.0.1 முதல் 224.0.0.255 வரை உள்ளவை எப்போதும் எல்லாப் போர்ட்டுக்கும் போகும், அது பிழையல்ல. சிக்கல் 239.0.0.5, 239.128.0.5 போன்றவற்றில். மல்டிகாஸ்ட் ஐபியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே மேக் (ஈத்தர்நெட்) முகவரிக்குள் போவதால் 32 ஐபிகள் ஒரே மேக்கைப் பகிர்கின்றன. இவை 224.0.0.5-இன் மேக்கிலேயே வந்து விழும். மேக்கை வைத்து முடிவெடுக்கும் சுவிட்ச் அவற்றையும் எங்கும் விட்டுவிடும். கேமராவுக்கு 239.10.1.5 போல ஒன்றைக் கொடுத்தால் தீர்ந்தது.

சில நேரம் மட்டும் கொட்டி, பிறகு தானாக அடங்கினால் ஸ்பேனிங் ட்ரீயை (சுவிட்சுகளுக்கு இடையே வளையம் விழாமல் தடுக்கும் நெறிமுறை) சந்தேகியுங்கள். டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாற்றம் வந்தால் சிஸ்கோ சுவிட்ச் இயல்பாக இரண்டு குவெரி வரும்வரை மல்டிகாஸ்டை எல்லாப் பக்கமும் விடும். யாரோ மடிக்கணினியைச் செருகி எடுப்பதே இதற்குப் போதும். கணினிகள் இருக்கும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் அந்த மாற்றச் செய்தி கிளம்பாது.

பழைய சுவிட்ச் மூன்றாம் பதிப்பு ஐஜிஎம்பி ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளாமல் விடுவதும் உண்டு. அந்த ரிப்போர்ட் 224.0.0.22-க்குப் போவதை டிசிபிடம்ப்பில் பார்க்கலாம். 232 என்று தொடங்கும் குரூப்புகள் (அனுப்புபவரையும் குறிப்பிட்டுக் கேட்பவை, மூன்றாம் பதிப்பு வேண்டும்) தேவையில்லாத இடத்தில் குவெரியரை இரண்டாம் பதிப்பில் வைத்தால் கருவிகளும் அதற்கே இறங்கிவரும். ஃபாஸ்ட் லீவ் (லீவ் வந்ததும் விசாரிக்காமல் அந்தப் போர்ட்டை வெட்டும் அமைப்பு) ஒரு போர்ட்டுக்கு ஒரே கருவி உள்ள இடத்தில் மட்டும்; பின்னால் இன்னொரு சின்ன சுவிட்ச் இருந்தால், ஒருவர் சேனலை மாற்றியதும் அதே சேனலைப் பார்க்கும் மற்றவருக்கும் படம் அறும்.

ஐபிவி6 ஓடும் விலானில் எம்எல்டி (ஐபிவி6-இல் ஐஜிஎம்பியின் வேலையைச் செய்வது) ஸ்னூப்பிங்கை இயக்கும் முன் எம்எல்டி குவெரியர் இருப்பதை உறுதிசெய்யுங்கள். அங்கே பக்கத்துக் கணினியைக் கண்டுபிடிப்பதே மல்டிகாஸ்ட் வழியாகத்தான் நடக்கிறது. அட்டவணை தவறினால் அறுவது வீடியோ மட்டுமாக இருக்காது.