சாரம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்குள் லுங்கி என்று சொன்னால் யாரோ வெளியூர்க்காரர் பேசுவது போல இருக்கும். எங்களுக்கு அது சாரம். "ஏல, சாரத்த எறக்கி விடு, பெரியவுக வாராக" என்று அம்மா அதட்டினால், மடித்துக் கட்டியது சட்டென்று கணுக்கால் வரை இறங்கிவிடும்.

இதைக் கொச்சை என்று நினைத்து லுங்கி என்று திருத்துகிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. லுங்கியும் உருது, பாரசீகம் வழியாக வந்த சொல்தான். சாரமோ மலாய் மொழியின் சாரோங்கை ஒட்டியது. அங்கே அதற்கு உறை என்றும் பொருள். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டிவிட்டால் துணி உறை மாதிரிதானே ஆகிறது? எங்கள் பக்கத்துக் கடையநல்லூர்க்காரர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள்; 1941-லேயே சிங்கப்பூரில் அவர்களுக்கென்று ஓர் அமைப்பு உருவாகிவிட்டது. கடல் தாண்டிப் போய்வந்த ஊர்களில் இந்தச் சொல் புழங்குவதில் வியப்பில்லை. நெல்லைக் கதாபாத்திரத்தைப் பேசவைக்கும்போது தயவுசெய்து சாரத்தை மாற்றாதீர்கள்.

அடுத்தது பொருள் மயக்கம். கோபுரத்துக்கு வெள்ளையடிக்கக் கம்பும் கயிறும் வைத்துக் கட்டுவதும் சாரம்தான். கட்டுரையின் பிழிவும் சாரம்தான். "சாரம் கட்டினார்" என்று மொட்டையாக எழுதினால் கொத்தனார் வேலை என்றுதான் வாசகர் நினைப்பார். "கட்டிக்கொண்டார்" என்று எழுதுங்கள். அந்த 'கொள்' வந்ததுமே அது உடுப்பு என்று தெரிந்துவிடும். அதேபோல, உடுத்தியது அவிழும். கம்பு கட்டியது சரியும். "சாரம் சரிந்தது" என்று எழுதிவிட்டால் ஆள் விழுந்து அடிபட்டாரோ என்று பதறிப்போவார்கள்.

எழுத்து விஷயத்தில் இடையின ரகரம் போதும். இலங்கைத் தமிழர் சாறம் என்றும் எழுதுவதுண்டு. அது அவர்கள் வழக்கு, அதில் கைவைக்க வேண்டாம்.

அப்புறம், வேட்டியும் சாரமும் ஒன்றில்லை. வேட்டி மூட்டாதது, பெரும்பாலும் வெள்ளை, கரை உண்டு. கல்யாண வீட்டுக்கு வேட்டிதான். பந்தி முடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கொடியில் தேடுவது சாரத்தை.