‘தி இன்னர் லைட்’: வாயனசாலையில் மறுபடி பார்க்க ஒரு வழிமுறை

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாயனசாலைகளில் (ஊர் நூலகங்களில்) பழைய அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பதென்றால், எங்கள் முதல் தேர்வு ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஐந்தாம் சீசனின் 25ஆம் எபிசோடான ‘தி இன்னர் லைட்’தான். 1992 ஜூன் 1 அன்று ஒளிபரப்பானது, 1993இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்றது. ஏற்கெனவே பார்த்தவர்களுக்கான வழிமுறை இது. அதனால் முடிவை மறைக்காமல் எழுதுகிறோம்.

எபிசோடு 45 நிமிடம். இரண்டு முறை ஓட்டிப் பேசி முடிக்க இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருட்டிய பிறகே தொடங்குங்கள்; மேற்கு ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் கப்பல் காட்சிகள் வெளிறிவிடும்.

இந்தத் தொடரின் படம் 4:3 அளவில் எடுக்கப்பட்டது. திரை 8 அடி அகலம், 4½ அடி உயரம் என்றால் படம் 6 அடி அகலத்துக்குத்தான் வரும். இருபுறமும் ஒவ்வோர் அடி கறுப்பாக நிற்கும். அது பழுதல்ல. புரொஜெக்டரில் ‘ஃபுல்’ அழுத்தி இழுத்தால் எல்லா முகமும் சப்பிப்போகும். ஸ்பீக்கரை ஒயரிலேயே இணையுங்கள். புளூடூத்தில் ஒலி பிந்தி வந்தால், குழல் வாசிக்கும் காட்சிகளில் விரல் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாக நிற்கும்.

முதல் ஓட்டத்தில் எங்கும் நிறுத்தாதீர்கள். ஆங்கில வசனவரி ஓடட்டும். யாராவது கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தால் இசையெல்லாம் அமுங்கிவிடும். புதியவர்கள் இருந்தால், பிக்கார்ட் கப்பல் தலைவர், ஒரு விண்கலம் வீசும் கதிரில் மயங்குகிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓட்டம்தான் முக்கியம். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: மயக்கத்தில் பிக்கார்ட் வாழும் ரெசிக் கிராமம், கப்பல், கழிந்த காலம். கப்பலில் ஏறக்குறைய 25 நிமிடம். கிராமத்தில் காமின் என்ற பெயரில் அவருக்கு ஒரு முழு ஆயுள். கிராமத்துக் கதையில் முதல் காலத் தாவல் ஐந்து ஆண்டு என்று வசனமே சொல்லிவிடும். பிந்தைய தாவல்களைப் பிள்ளைகளின் வயது, நரை, நடையின் தளர்ச்சி ஆகியவற்றிலிருந்து நீங்களே கணிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: முடிவு தெரியும் என்பதால் அதற்காகவே காத்திருந்து நடுக்காட்சிகளைக் கோட்டை விடுகிறார்கள். மனைவி ஈலைன், நண்பன் பட்டாய் இருவரின் ஒவ்வொரு பேச்சையும், அழிந்துபோன ஊர் தன்னை நினைவில் வைக்கச் சொல்லி ஓர் அந்நியனிடம் பேசுவதாகக் கேளுங்கள். சாதாரணக் குடும்பப் பேச்சும் கனத்துவிடும்.

பெயர் சூட்டும் விழாவில் மட்டும் நிறுத்துங்கள். காமின் திடீரென்று சுருண்டு விழுவதும், கப்பலில் கதிரைத் துண்டித்ததும் பிக்கார்டின் உடல் துடிப்பதும் ஒரே கணம். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினால் கதையின் கட்டுமானம் சட்டென்று பிடிபடும்.

பேச்சை வறட்சியிலிருந்து தொடங்குங்கள். சதுக்கத்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, காமினும் மகள் மெரிபோரும் மண்ணை ஆராய்வது, உண்மை தெரிந்தும் நிர்வாகி அடக்கி வைத்திருப்பது: மழைமறைவுக் கரிசலில் வாழும் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்களுக்கு இவை விளக்காமலே புரியும். தமிழ்நாட்டுடனான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு தடுப்பணையில் வந்து சேர வேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பயிர் வைக்கும் ஊர் இது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை விடாதீர்கள். அங்கே காரணம் மழை பொய்த்தது மட்டுமல்ல, சூரியனே அழியப்போகிறது. அதற்கு எந்த அணையும் மருந்தில்லை. இதைச் சொல்லாவிட்டால் பேச்சு கால்வாய்த் தகராறிலேயே நின்றுவிடும்.

கடைசிக் காட்சியில் பிக்கார்ட் தனியறையில் குழலை எடுத்து வாசிப்பார். எழுத்துகள் ஓடி முடியும்வரை விளக்கைப் போட வேண்டாம் என்று சுவிட்ச் அருகே உட்காருபவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.