நாணயத்துச் சாமி முகம் படத்தில் தெளிவாகத் தெரிய

பழைய காசை போனில் படம் எடுக்கும்போது முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த முகம் தட்டையாகிவிடும். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் சன்னலோர மேசை போதும். வானம் மூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

முக்கியமான விஷயம், சாமியின் தலைப்பக்கம் சன்னலை நோக்கி இருக்க வேண்டும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வந்தால் மூக்கும் கன்னமும் குழிந்து தெரியும். அப்புறம் காசை இப்படி அப்படி மெல்லத் திருப்பிப் பாருங்கள். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயரின் வராகன் என்ற தங்கக் காசில் பாலகிருஷ்ணன் கையில் இருக்கும் வெண்ணெய் உருண்டை, சரியான கோணத்தில் சட்டென்று எழுந்து நிற்கும். அந்த அழகுக்காகவே எவ்வளவு நேரமும் திருப்பலாம்.

தங்கம் பளபளத்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்துங்கள். போனை மிக அருகே கொண்டுபோனால் அதன் நிழலே விழும். கொஞ்சம் தள்ளி வைத்து, இரண்டு மடங்கு ஜூமில், டைமர் போட்டு எடுங்கள்.

படத்துக்காகக் காசைத் தேய்த்துத் துலக்க மட்டும் வேண்டாம். தேய்ந்துபோன மேற்பரப்பு திரும்ப வராது. விளிம்பைப் பிடித்தே எடுங்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் செம்புக் காசு பச்சை பூக்கும், எடுத்து முடித்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.