"வேற எங்கெல்லாம் இன்டர்வியூ போறீங்க?"

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் வேலை தேடும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: ஹெச்ஆர் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது, அக்கா? நானும் கம்பெனிகளுக்குக் கமிஷனில் ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சியில் ஆள் எடுத்தவள்தான்.

கேட்பது யார் என்று முதலில் பாருங்கள். கம்பெனியின் சொந்த ஹெச்ஆர் என்றால், ஆஃபரை வாங்கிக்கொண்டு சேராமல் போய்விடுவீர்களோ என்ற பயம். பழைய வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் அங்கே இருக்க வேண்டிய 90 நாள் நோட்டீஸ் பீரியடில் இது நடக்கிற கதைதான். கன்சல்டன்சி ஆள் என்றால் கணக்கு வேறு. நீங்கள் சொல்லும் கம்பெனியில் ஆள் தேவை என்று தெரிந்ததும், அதே வேலைக்கு அவர் இன்னும் நாலு பேரை அனுப்பலாம். போட்டியை நீங்களே கூட்டி வருவானேன்?

அதனால் பெயர் வேண்டாம், நிலைமை மட்டும் போதும்: "இதே மாதிரி வேலைக்கு இன்னும் இரண்டு இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன் சார். ஒன்றில் கடைசி ரவுண்டு அடுத்த வாரம்." வற்புறுத்தினால், "முடிவாகாமல் பெயர் சொல்வது சரியாக இருக்காது" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, "உங்கள் பக்கம் எப்போது முடிவாகும்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரெஸ்யூமை எந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கன்சல்டன்சியிடம் கேட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டு வழியில் வந்தால், கமிஷன் யாருக்கு என்ற தகராறில் ரெஸ்யூமையே ஓரம் கட்டிவிடும் கம்பெனிகள் உண்டு.

கையில் இல்லாத ஆஃபரை இருப்பதாக அளக்காதீர்கள். லெட்டரை மெயிலில் அனுப்பச் சொல்வார்கள். வேறு இன்டர்வியூவே இல்லையா? "இப்போதைக்கு இங்கேதான் பேசுகிறேன்" என்றால் போதும். அப்புறம், மெட்ரோவில் நின்றபடி ஹெச்ஆர் போனை எடுக்காதீர்கள். கிண்டி வருவதற்குள் பாதிப் பெட்டிக்கு உங்கள் சம்பளம் தெரிந்துவிடும்.