தள்ளிப்போன மாதவிடாயும் தைராய்டும்

30 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும் மாதவிடாய், அந்த முறை 45 நாளாகியும் வரவில்லை. கர்ப்பப் பரிசோதனை செய்தேன், இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தேன், அதே முடிவு. சரி, வேலை டென்ஷனாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அது தவறு. மன அழுத்தம், திடீர் எடைக் குறைவு எல்லாம் கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும், அதனால் மாதவிடாயும் தள்ளிப்போகும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு ஓயாத அசதியும் முடி உதிர்வும் மலச்சிக்கலும் கூடவே இருந்தன. அவற்றைத் தனித்தனித் தொல்லைகளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் சினைப்பையை ஸ்கேன் செய்தார், நீர்க்கட்டி இல்லை. ரத்தப் பரிசோதனையில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் சரியாக இருந்தது, தைராய்டு சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் மட்டும் கூடியிருந்தது. தைராய்டு போதுமான அளவு சுரக்காதபோது அதைத் தூண்ட இது கூடும். அதாவது எனக்குத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அப்புறம் நான்காவது மாதம் பழையபடி 30 நாளில் வந்துவிட்டது.